ஹட்டன் குளிரில் இஞ்சி டொபி: பாகு ஏன் கறுக்கிறது, ஸ்பிரிட்டை எங்கே வாங்கக் கூடாது

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “இஞ்சி டொபி செய்து விற்கிறேன். கொழும்பில் பழகிய கணக்குப்படி 150 பாகைக்குக் காய்ச்சினால் பாகு கறுத்துக் கசக்கிறது. முன்னாலேயே இறக்கினால் ஒருநாள் சீனி மணிமணியாகப் பூத்துவிடுகிறது, இன்னொரு நாள் கடதாசியோடு ஒட்டிக்கொள்கிறது. வாசம் கூடட்டும் என்று இஞ்சியை ஸ்பிரிட்டில் ஊறவைத்து அந்தச் சாற்றையும் ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் பட்டால் அது பால் போல ஆகிறது. டவுனில் ஒருவர் ஸ்பிரிட்டைக் கானில் மலிவாகத் தருகிறார். பிழை எங்கே?”

முதலில் அந்தக் கானை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதில் ஊறவைத்ததையும் அதைச் சேர்த்த டொபியையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கறுப்பதற்குக் காரணம் உங்கள் கை அல்ல, மலை. கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ஏறக்குறைய 300 மீற்றர் ஏற ஏற ஒரு பாகை குறையும். ஹட்டனில் 96க்குக் கிட்டவும், நுவரெலியாவில் 94க்குக் கிட்டவும் கொதித்துவிடும். பாகின் பதமும் அதே அளவு கீழே இறங்கும். கொழும்பில் 150இல் வருகிற பதம் உங்கள் அடுப்பில் 146இலேயே வந்துவிடும். அதற்கு மேல் காய்ச்சுவதெல்லாம் சீனியைக் கருக்குவதுதான்.

ஒவ்வொரு முறையும் வேலை தொடங்கும்போது வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். 100க்கு எத்தனை குறைகிறதோ அத்தனையைச் செய்முறைக் கணக்கிலிருந்து கழியுங்கள். தெர்மாமீட்டரில் பிழை இருந்தாலும் இதிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். சந்தேகமென்றால் ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்து ஒடித்துப் பாருங்கள். வளையாமல் ‘டக்’கென்று ஒடிந்தால் பதம் சரி. அந்தச் சொட்டுக்கு ஹட்டனும் ஒன்றுதான், கொழும்பும் ஒன்றுதான்.

இங்கே ஒரு விலக்கு இருக்கிறது. பலர் இதில்தான் குழம்புகிறார்கள். இந்தக் கழித்தல் கொதிக்கிற பாகுக்கு மட்டும். இறக்கிவைத்த பாகு ஆறும்போது “120 பாகைக்கு வந்ததும் வாசனை சேர்க்கவும்” என்று எழுதியிருந்தால் அந்த 120 எந்த ஊரிலும் 120தான், அதில் நான்கைக் கழிக்கக் கூடாது. தண்ணீரே இல்லாமல் வெறும் சீனியை உருக்குவதற்கும் இந்தக் கணக்கு கிடையாது. கொதிக்கிறதா என்று பாருங்கள். கொதித்தால் கழியுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பூப்பது, கொதி வந்த பிறகும் கிண்டுவதாலும் சட்டியின் ஓரத்தில் ஒட்டிய சீனி திரும்ப உள்ளே விழுவதாலும். ஓரத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். அரைக் கிலோ சீனிக்கு 100 கிராம் குளுக்கோஸ் சிரப் சேர்த்தால் பூப்பது வெகுவாகக் குறையும். தேசிக்காய்ப் புளியும் அந்த வேலையைச் செய்யும், ஆனால் கூடிப்போனால் டொபி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஒட்ட ஆரம்பிக்கும். உங்கள் ஊர்ப் பனியில் அது சீக்கிரமே நடக்கும். ஆறியதும் சுற்றி, இறுக்கமான டின்னில் போட்டுவிடுங்கள்.

ஸ்பிரிட் சாறு பால் போலாவது கெட்டுப்போனதால் அல்ல. ஸ்பிரிட்டில் கரைந்த இஞ்சி எண்ணெயும் பிசினும் தண்ணீரில் கரையாமல் வெளியே வருகின்றன, அவ்வளவுதான். ஆனால் அதைப் பாகில் ஊற்றவே வேண்டாம். சாராயச் சத்து 78 பாகையிலேயே ஆவியாகும். 146இல் கொதிக்கிற பாகில் ஊற்றினால் குபீரென்று பொங்கும், பக்கத்தில் விறகடுப்பு எரிந்தால் ஆவி தீப்பிடிக்கும். இஞ்சிச் சாற்றைத் தொடக்கத்திலேயே சீனியோடு சேர்த்துக் காய்ச்சுங்கள். கடைசியில், அடுப்பை விட்டு இறக்கியபின், காய்ந்த இஞ்சித் தூள் தூவுங்கள். உங்கள் டொபிக்கு ஸ்பிரிட்டே தேவையில்லை.

இப்போது அந்தக் கான். லேபல் இல்லாத ஸ்பிரிட்டில் மெதனோல் என்ற நச்சுச் சாராயம் இருக்கலாம். முகர்ந்தாலும் ருசித்தாலும் தெரியாது, கொளுத்தி நிறம் பார்ப்பதும் நம்பத் தகுந்ததல்ல. குடிக்கக் கூடாதென்று நிறமூட்டி விற்கிற மெதிலேட்டட் ஸ்பிரிட்டின் நிறத்தைக் கரியில் வடித்து எடுத்துவிட்டுத் ‘தூயது’ என்று விற்பவர்கள் உண்டு. நிறம் போகும், மெதனோல் போகாது. 10 மில்லிலீற்றர் உள்ளே போனாலே பார்வை போகலாம். பல மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகுதான் கண் மங்கும், வாந்தி வரும். உள்ளே போனது தெரிந்தாலே, அதுவரை காத்திருக்காமல், வீட்டு வைத்தியமும் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கசிப்பால் குடும்பம் சீரழிந்ததை லயங்களில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

‘இஞ்சியை ஊறவைக்க ஸ்பிரிட் வேண்டாம், கிளிசரின் தருகிறேன்’ என்று அதே ஆள் வருவார். அதையும் கானில் வாங்காதீர்கள். கிளிசரினைப் போலவே இனிக்கிற டையெத்திலீன் கிளைக்கோல் என்ற நஞ்சு கலந்தால் சிறுநீரகம் செயலிழக்கும். 2022இல் காம்பியாவில் இருமல் சிரப்பில் அது கலந்திருந்ததால் பல குழந்தைகள் இறந்தார்கள். மருந்தகத்தில், உடையாத மூடியோடு, பற்றுச்சீட்டு வாங்கி எடுங்கள்.

எனக்குக் கோபம் அந்த வியாபாரிமேல் மட்டுமல்ல. ஸ்பிரிட்டைக் கட்டுப்படுத்தும் மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சுத்தமான ஸ்பிரிட்டில் ஒரே ஒரு லீற்றரைச் சட்டப்படி வாங்க நினைக்கிற சிறு உற்பத்தியாளருக்கு எனக்குத் தெரிந்தவரை எளிய வழி எதுவுமில்லை. பெரிய தொழிற்சாலைக்குக் கேட்கிற காகிதங்களையே லயத்து அறையில் அடுப்பு மூட்டுகிற பெண்ணிடமும் கேட்டால் அவர் கான்காரரிடம்தான் போவார். சிறு அளவுக்கென்று தனி அனுமதியும் தமிழில் ஒரு படிவமும் கொடுக்க என்ன தடை?

விற்பனைக்குச் செய்வதால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) ஒருமுறை பேசிவிடுங்கள். லேபலில் என்னென்ன எழுத வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.