ஸ்கோப்பைத் தாங்கும் இரும்பு: வாசகர் கேள்விகளுக்குப் பட்டறையிலிருந்து பதில்கள்

போன இதழில், பழைய லீ-என்ஃபீல்ட் துப்பாக்கி ஒன்றுக்கு, ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) தாங்கும் பிராக்கெட், அதாவது மவுண்ட், செய்து கொடுத்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. பீளமேட்டில் ஒரு டூல் ரூமில் தொழில் கற்று, பர்மிங்காம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் மில்லிங் மெஷினோடு இருப்பவன் நான். சுடுவதில் எனக்கு ஈடுபாடு கிடையாது. துப்பாக்கிக்கும் கண்ணாடிக்கும் நடுவே உட்காரும் அந்த இரும்புத் துண்டின் மேல்தான் ஆசை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

எண்பது வருஷத்துக்கு முந்தைய துப்பாக்கிக்கு இப்போது யார் புதிதாக மவுண்ட் கேட்கிறார்கள்? (மதுரை வாசகர்)

பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களும், பழைய ராணுவ ரைஃபிள்களுக்கென்றே நடக்கும் குறிபார்க்கும் போட்டிகளில் கலந்துகொள்பவர்களும்.

என்னிடம் அதிகம் வருவது நம்பர் 4 மார்க் 1 (டி). லீ-என்ஃபீல்ட் வகையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் ஸ்னைப்பர் ரைஃபிள் அது. தொழிற்சாலையில் சுட்டுப் பார்க்கும்போது நன்றாகக் குறி விழுந்த துப்பாக்கிகளைத் தனியே எடுத்து வைப்பார்கள். அவற்றை 1942 முதல் லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்கு அனுப்பி ஸ்கோப் பொருத்தினார்கள். அப்படி 20,000-க்கும் மேல் மாற்றினார்கள். அவற்றில் பெரும்பாலானவை பி.எஸ்.ஏ. என்ற நிறுவனத்தின் ஷெர்லி தொழிற்சாலையில் செய்தவை. ஷெர்லி இங்கே பர்மிங்காமை ஒட்டிய ஊர்தான். போர் முடிந்து உபரியாக விற்றபோது துப்பாக்கி ஒரு பக்கம், ஸ்கோப் ஒரு பக்கம், பிராக்கெட் ஒரு பக்கம் என்று பிரிந்துபோயின. இன்றைக்கு ஒருவர் கையில் துப்பாக்கியும் ஸ்கோப்பும் இருக்கும், நடுவில் சேர்க்கும் பிராக்கெட் இருக்காது.

ரஷ்ய மோசின்-நாகன்ட் ரைஃபிளின் கதை வேறு மாதிரி. போருக்குப் பிறகு சோவியத் கிடங்குகளிலேயே நிறைய ஸ்னைப்பர் துப்பாக்கிகளின் மவுண்டைக் கழற்றி, ஸ்க்ரூ ஓட்டைகளை அடைத்து, சாதாரணத் துப்பாக்கியாக்கி அடுக்கி வைத்துவிட்டார்கள். அடைத்த ஓட்டையின் தடம் இடது பக்கத்தில் வட்டமாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டால் வைத்திருப்பவருக்குத் தூக்கம் வராது. மவுண்ட் தேடத் தொடங்கிவிடுவார்.

படமும் அளவும் கொடுத்தால் சி.என்.சி. மெஷினில் ஒரே நாளில் போட்டுவிடலாமே அண்ணா, இதில் என்ன கஷ்டம்? (கோவை, ஐ.டி.ஐ. மாணவர்)

வடிவத்தை ஒரே நாளில் போட்டுவிடலாம் தம்பி, நீ சொல்வது சரிதான். வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

இந்த என்ஃபீல்டின் இடது பக்கத்தில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பேட் (சின்ன இரும்பு மேடை) இருக்கும். பிராக்கெட்டின் இரண்டு பாதங்களும் அவற்றின் மேல் உட்கார, கையால் திருகும் இரண்டு பெரிய ஸ்க்ரூ பிடித்துக்கொள்ளும். அந்த பேடுகளை ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஃபிட்டர் தனித்தனியாகச் சரிபார்த்துப் பொருத்தினார். அதனால் ஒரு துப்பாக்கிக்குக் கச்சிதமாக உட்காரும் பிராக்கெட் அடுத்ததில் கோணலாக நிற்கும். அந்தக் காலத்தில் துப்பாக்கியின் வரிசை எண்ணையே பிராக்கெட்டிலும் அடித்து வைத்ததற்குக் காரணம் இதுதான். நீ வரைபடத்தில் அளவு போடலாம், ஆனால் அந்தத் துப்பாக்கியின் பேட் எப்படி நிற்கிறது என்பது வரைபடத்தில் இருக்காது.

கணக்கைப் பார். இரண்டு பேடுக்கும் நடுவே 100 மி.மீ. என்று வைத்துக்கொள். ஒரு பாதம் 0.02 மி.மீ. தூக்கி நின்றால், 100 மீட்டரில் 20 மி.மீ. விலகும். அதையே 0.2 என்று விட்டால் 200 மி.மீ. "ஸ்கோப்பில்தான் குறியைச் சரிசெய்யும் டிரம் இருக்கிறதே, திருகிச் சரி பண்ணிக்கொள்ளலாமே" என்பாய். இப்போதைய ஸ்கோப்பில் அப்படிச் செய்தால் யாருக்கும் தெரியாது. என்ஃபீல்டின் அந்தக் கால நம்பர் 32 ஸ்கோப்பிலும், ரஷ்யர்களின் பி.யு. ஸ்கோப்பிலும் டிரம்மைத் திருகினால், பார்க்கும் வட்டத்துக்குள் குறி காட்டும் முள்ளே நகரும். மவுண்ட் கோணலாக இருந்தால் முள் ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு கண்ணாடியைக் கண்ணில் வைத்தவுடனே மவுண்ட் செய்தவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில் கரடுமுரடாக வெட்டி, எல்லாப் பக்கமும் ஒரு மி.மீ. விட்டுவைப்பேன். பிறகு உலையில் 600 டிகிரிக்கு ஏற்றி, ஒரு மணி நேரம் வைத்து, உலைக்குள்ளேயே ஆற விடுவேன். இதை நான் படிக்காமல் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் பிராக்கெட்டை பிரைட் பாரில் செய்தேன். குளிராக இழுத்துச் செய்த கம்பி அது; மேல் தோல் இறுக்கத்தில் இருக்கும். ஒரு பக்கத்துத் தோலை வெட்டி எடுத்தால் மறுபக்கம் இழுக்கும். வைஸில் இருந்தவரை எல்லா அளவும் சரி. மறுநாள் காலை கழற்றி, ஸ்கோப்பைப் பிடிக்கும் இரண்டு வளையத்துக்குள்ளும் கம்பி விட்டுப் பார்த்தேன். முதல் வளையத்தில் நுழைந்தது, இரண்டாவதின் வாயில் முட்டிக்கொண்டு நின்றது. வாங்கிப் போக வேல்ஸிலிருந்து ரயிலேறி வந்த மனிதர் என் எதிரில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம் வளையங்கள். மேல் மூடியையும் அடிப் பகுதியையும் சேர்த்து முடுக்கி, நடுவே மெல்லிய ஷிம் தகடு வைத்து, இரண்டு வளையத்தையும் ஒரே செட்டிங்கில் போரிங் செய்து குடைய வேண்டும். ஷிம்மை எடுத்துவிட்டால் மூடி ஸ்கோப் குழாயைப் பிடிக்கக் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதன் பிறகு மூடிகளை முன்னும் பின்னும் மாற்றிப் போடவே கூடாது. சோதனைக்கு அசல் ஸ்கோப்பைத் தொடவும் கூடாது. குழாயின் அளவுக்கே அரைத்த ஒரு கம்பி செய்து வைத்துக்கொள். நசுங்கிய குழாயை எந்தப் பட்டறையும் பழையபடி ஆக்கித் தராது.

கடைசி வேலை பாதம். துப்பாக்கியின் குழலுக்குள் ஒரு மான்ட்ரலை (நேராக அரைத்த கம்பி) சொருகி, சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமான சமதளத் தட்டு) வைப்பேன். பேடில் மெலிதாக நீல மை தடவி, பிராக்கெட்டை வைத்து இறுக்கிக் கழற்றினால், முட்டும் இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளியை ஸ்கிரேப்பரால் ஒரு சுரண்டு. மறுபடி வைத்துப் பார். முதலில் ஒரு மூலையில் கடுகளவு நீலம், பிறகு இரண்டு மூன்று இடத்தில், பிறகு முகம் முழுக்கத் தெளித்தது போல. அந்த நிலைக்கு வர முப்பது நாற்பது தடவை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். நடுநடுவே டயல் கேஜை ஓட்டி, வளையத்திலுள்ள கம்பியும் குழலிலுள்ள மான்ட்ரலும் ஒரே போக்கில் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். இதில் எனக்கு ஒரு பிடிவாதம்: இரும்பு குறைய வேண்டுமென்றால் என் பிராக்கெட்டில்தான் குறையும். அசல் பேடில் அரம் படக் கூடாது.

ரஷ்ய மவுண்ட் இந்த விஷயத்தில் கொஞ்சம் இரக்கமானது. கொச்சேத்தொவ் என்பவர் வடிவமைத்தது அது. ஒரு உருண்டையின் மேல் திரும்பும்; மேலும் கீழுமாக இரண்டு ஸ்க்ரூவை வைத்து ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்துகொள்ளலாம். சீக்கிரமாகவும் ஏராளமாகவும் செய்ய வேண்டிய போரில் அது நல்ல யோசனை.

கோவையில் இருக்கிறாய், வார்ப்படம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். அசல் என்ஃபீல்ட் பிராக்கெட்டே மேலியபிள் வார்ப்பிரும்புதான். ஆனால் அசலையே அச்சாக வைத்து வார்த்துவிடாதே. இரும்பு ஆறும்போது சுருங்கும். நூற்றுக்கு ஒன்று வாக்கில் போய்விடும். 100 மி.மீ. இருந்த இடம் 99 ஆகி நிற்கும். சந்தையில் இப்படிச் சுருங்கிய நகல்கள் நிறைய உலவுகின்றன.

முதல் உலகப் போர்ப் படங்களில் ஸ்கோப் துப்பாக்கியின் இடது பக்கமாகத் தள்ளி இருக்கிறது. இரண்டாம் போரில் நடுவில் இருக்கிறது. ஏன்? (திருநெல்வேலி வாசகர்)

நல்ல கண் உங்களுக்கு. அந்தக் கால எஸ்.எம்.எல்.இ. (முந்தைய லீ-என்ஃபீல்ட்) துப்பாக்கியில் ஐந்து ஐந்து குண்டாகக் கோத்த பட்டையை மேலிருந்து அழுத்தி நிரப்புவார்கள். ஸ்கோப் நடுவில் இருந்தால் அதற்கு வழி அடைபட்டுவிடும். அதனால் பக்கவாட்டில் மாட்டினார்கள். இதனால் சுடுகிறவர் தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பதுங்குகுழியில் இரும்புத் தகட்டிலிருந்த சின்ன ஓட்டை வழியாகத் துப்பாக்கியை நீட்டினால், பக்கத்தில் தள்ளி நின்ற கண்ணாடிக்கு முன்னால் தகடு மறைத்தது. நம்பர் 4 (டி)யில் ஸ்கோப்பை நடுவுக்குக் கொண்டு வந்து, பட்டையால் நிரப்பும் வசதியை விட்டுக்கொடுத்தார்கள். குண்டை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். குறிபார்த்து ஒரு குண்டு சுடுபவருக்கு அது பெரிய நஷ்டமில்லை என்பது என் எண்ணம். அமெரிக்கர்களின் எம்1சி கேரண்ட் ரைஃபிளில் எட்டுக் குண்டுக் கிளிப்பை மேலிருந்துதான் போட்டாக வேண்டும்; அதனால் அதில் கடைசி வரை இடது பக்கம்தான்.

என் பிரிட்டிஷ் மவுண்டில் ஒரு ஸ்க்ரூ தொலைந்துவிட்டது. எம்6 சரியாக ஏறுகிறது. போடலாமா? (டொராண்டோ வாசகர்)

தயவுசெய்து கழற்றிவிடுங்கள். உங்கள் ஸ்க்ரூ 0 பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் அளவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் விட்டம் 6 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ.; எம்6-க்கும் அதே அளவு. அதனால்தான் ஏறுகிறது. ஆனால் பி.ஏ. மரையின் கோணம் 47.5 டிகிரி, எம்6 போன்ற மெட்ரிக் மரையின் கோணம் 60. மரையின் பக்கங்கள் முழுதாகப் பொருந்தாமல் விளிம்பு மட்டும் உரசும். நாலு தடவை இறுக்கினால் அசல் மரையைத் தின்றுவிடும். மரை கேஜ் வைத்துப் பாருங்கள், இடைவெளி மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பி.ஏ. ஸ்க்ரூ இன்றும் விலைக்குக் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் லேத்தில் அரை மணி வேலை.

கோவையில் செய்து வெளிநாட்டுக்கு விற்கலாமா? (பல்லடம், லேத் பட்டறை வைத்திருப்பவர்)

இந்தியாவின் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் வருகின்றன. அதனால் ஒரு துண்டு இரும்பை வெட்டும் முன் மாவட்ட நிர்வாகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு, எழுத்து மூலமாகவே பதில் வாங்குங்கள். ஏற்றுமதிக்குத் தனி விதி உண்டு. இங்கே பிரிட்டனிலும், பிறருடைய துப்பாக்கியை வாங்கி வைத்துத் தொழிலாக வேலை பார்க்க, பதிவு பெற்ற துப்பாக்கி வணிகராக இருக்க வேண்டும். நான் பொருத்தும் வேலையை அப்படிப்பட்ட ஒருவரின் பட்டறையில், அவர் முன்னால்தான் செய்கிறேன்.

பிராக்கெட்டில் துப்பாக்கியின் எண்ணை அடித்துத் தருவீர்களா? பழைய எழுத்து அச்சு இருந்தால் நல்லது. (லண்டன் வாசகர்)

மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

அசல் ஜோடியில் துப்பாக்கியின் எண் பிராக்கெட்டில் இருக்கும். ஸ்கோப்பின் எண் துப்பாக்கிக் கட்டையின் கழுத்தில் அடித்திருக்கும். இந்த எண்கள் ஒத்துப்போனால், அந்த மூன்றும் போர்க்காலத்திலிருந்தே ஒன்றாக இருந்தவை என்று பொருள். அதனால்தான் எண் ஒத்துப்போகும் ஜோடிக்கும் ஒத்துப்போகாத ஜோடிக்கும் விலையில் அவ்வளவு வித்தியாசம். நீங்கள் நேர்மையானவராக இருக்கலாம். உங்களுக்கு அப்புறம் அது யார் கைக்குப் போகும்? மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து, இரண்டு வருஷம் எண்ணெய் பட்டுவிட்டால், நான் அடித்த எண்ணா 1944-இல் அடித்த எண்ணா என்று ஏலத்தில் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

ஒருமுறை ஒருவர், தேய்ந்தது போலவே ஓரங்களை உருட்டி, எண்ணையும் கொஞ்சம் கோணலாக அடித்துக் கேட்டார். "அந்தக் காலத்தில் கையால்தானே அடித்தார்கள்" என்றார். வேலை பாதி முடிந்திருந்தது. முன்பணத்தை அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிராக்கெட்டை அறுத்து, பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு வளையத்தின் உள்முகத்தைக் காட்டப் பட்டறையில் வைத்திருக்கிறேன்.

நான் செய்வதில் எல்லாம், துப்பாக்கியில் மாட்டியிருக்கும்போது தெரியாமல், கழற்றினால் உடனே தெரியும் இடத்தில், பின் பாதத்தின் உள்பக்கம் 'ரெப்ரோ' என்று ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தும் செய்த வருஷமும் இருக்கும். மூன்று மி.மீ. உயர எழுத்து, அரை மி.மீ. ஆழம். பெயின்ட் அதை மூடாது. அரத்தால் தேய்த்து எடுக்கப் பார்த்தால் பாதம் அரை மி.மீ. குறைந்து, ஸ்கோப் குழலோடு நேர்கோட்டில் நிற்காது. வேண்டுமென்றேதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். இதற்குச் சம்மதம் என்றால் எழுதுங்கள். உங்கள் ஸ்கோப் குழாயின் விட்டத்தை முன் வளையம் வரும் இடத்திலும் பின் வளையம் வரும் இடத்திலும் மைக்ரோமீட்டரால் தனித்தனியே அளந்து அனுப்புங்கள். வெர்னியர் அளவு வேண்டாம்.