மூலம்தானே என்று விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. மூன்று மாதமாக மலத்தோடு அவ்வப்போது ரத்தம் போகிறது, வலி இல்லை. 'மூலம்தான், கருணைக்கிழங்கு சாப்பிடு' என்கிறார் அண்ணன், அவருக்கு 41. அப்பாவுக்கு 46 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆனது. நான் டெஸ்ட் எடுக்க வேண்டுமா டாக்டர்?

பதில்: எடுக்க வேண்டும், இந்த மாதமே. கருணைக்கிழங்கைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், நார்ச்சத்து நல்லதுதான், ஆனால் அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். இது மூலமாகவே இருக்கலாம், உங்கள் வயதில் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம்; சிக்கல் என்னவென்றால் மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தே இருக்கலாம், ரத்தத்தின் நிறத்தை வைத்து இன்னதுதான் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

அப்பாவின் வயதில் பத்தைக் கழித்துப் பாருங்கள். 36. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பு, எது முந்துகிறதோ அப்போது கொலோனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் டெஸ்ட், செய்ய வேண்டும். ரத்தமே வராவிட்டாலும் இந்த வருடம் நீங்கள் செய்திருக்க வேண்டியதுதான்.

'மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் போதாதா, செலவு குறைவாச்சே' என்பீர்கள். அது குடும்பத்தில் யாருக்கும் நோய் வராத, தொந்தரவும் இல்லாதவர்கள் 45 வயதுக்கு மேல் வருடம் ஒருமுறை பார்ப்பதற்கு. உங்களுக்குத்தான் கண்ணுக்கே தெரிகிறதே!

குழாயை நினைத்துப் பயப்படுகிறார்கள், உண்மையில் படுத்துவது முந்தைய இரவுதான்: குடலைச் சுத்தமாக்கும் பேதிப் பவுடரைக் கரைத்து லிட்டர் கணக்கில் குடித்துவிட்டுக் கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடக்க வேண்டும், உப்புக் கரிக்கும், குளிரவைத்துக் குடித்தால் கொஞ்சம் தேவலை. கொய்யா, தக்காளி மாதிரி விதை உள்ளதை இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். உள்ளே பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சி இருந்தால் கம்பிச் சுருக்குப் போட்டு அப்போதே எடுத்துவிடலாம். பெரும்பாலும் அதுதான் பத்து வருடம்போல மெல்ல வளர்ந்து புற்றாகிறது. சிகரெட், மது இருந்தால் விடுங்கள், சாசேஜ் வகையறாவைக் குறையுங்கள்.

அப்புறம் அண்ணன். கணக்குப்படி அவர் ஐந்து வருடம் தாமதம். எனக்குத்தான் ஒன்றும் இல்லையே என்பார், பாலிப் பெரும்பாலும் தொந்தரவே தராது என்று சொல்லுங்கள். அப்பாவின் பழைய பயாப்ஸி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள், 50-க்கு முன்பே வந்ததால் பரம்பரை வகையா என்று பார்க்க வேண்டியிருக்கும். இருவருக்கும் ஒரே நாளில் மட்டும் வேண்டாம். மயக்க ஊசி போடுவார்கள், வண்டி ஓட்ட ஒருவர் தெளிவாக இருக்க வேண்டும்.