மோனோவா, ஸ்டீரியோவா? – கடிதம்

வணக்கம் சார்,

வீட்டில் ஒரு சின்ன அறைதான் என் ஸ்டுடியோ. ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் இன்டர்ஃபேஸில் இரண்டே இன்புட். சிந்தசைஸரின் இடது, வலது இரண்டையும் செருகி எல்லாவற்றையும் ஸ்டீரியோவில் பதிவு செய்கிறேன். ஹெட்ஃபோனில் பிரமாதமாக இருக்கிறது. ஒற்றை ஸ்பீக்கரில் போட்டால் பின்னால் நீளமாக இழுத்துக்கொண்டு ஓடும் சத்தம், அதாவது பேட், பாதி காணாமல் போகிறது. பேசாமல் ஒரே தடமான மோனோவுக்கே மாறிவிடட்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். அந்த ஸ்டீரியோ ட்ராக்கை இரண்டு மோனோ ட்ராக்காகப் பிரித்து, இரண்டையும் நடுவில் வைத்து, ஒன்றில் மட்டும் ஃபேஸைத் திருப்புங்கள், அதாவது ஒலி அலையைத் தலைகீழாக்குங்கள். சத்தமே வரவில்லையென்றால் ஒரே ஒலியை இரண்டு தடவை பதிந்திருக்கிறீர்கள். ஏதாவது மிச்சம் கேட்டால், அந்த மிச்சம் மட்டும்தான் உங்கள் ஸ்டீரியோ. பல சமயம் அது வெறும் கோரஸும் (ஒலியைத் தடிமனாக்கும் எஃபெக்ட்) ரிவெர்பும் (எதிரொலி எஃபெக்ட்).

1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைஸருக்கு அவுட்புட்டே மோனோதான். 1984-இன் ரோலண்ட் ஜூனோ-106-இல் இரண்டு உண்டு. ஆனால் அதன் ஆறு குரல்களும் (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஆறு ஸ்வரங்கள்) ஒன்றாகக் கலந்து, மோனோவாகித்தான் கோரஸுக்குள் போகின்றன. அங்கே ஒலி சில மில்லிசெகண்ட் தாமதமாகி மூலத்தோடு சேர்கிறது. இடப்பக்கம் தாமதம் கூடும்போது வலப்பக்கம் குறையும். நாம் மயங்குகிற அகலம் அந்த ஊசலாட்டம்தான். கோரஸை அணைத்துவிட்டால் இரண்டாவது கேபிள் தண்டம்.

உங்கள் பேடைத் தின்பதும் அநேகமாகத் தாமதம்தான். ஒற்றை ஸ்பீக்கரில் இடதும் வலதும் ஒன்றாகக் கலந்துவிடும். ஒரே ஒலி 1 மில்லிசெகண்ட் பிந்தி, அதே அளவில் தன்னோடு கலந்தால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும், அந்த இடங்களில் ஒலி அழிந்துவிடும்.

நான் கீழ்ஸ்தாயி பாஸையும் மெட்டை வாசிக்கும் லீடையும் மோனோவில்தான் எடுப்பேன். பேடுக்கு மட்டும் இரண்டு கேபிள், அதுவும் பாட்டுக்கு ஒன்றே ஒன்று. எல்லாமே அகலமாக இருந்தால், வந்தவர்கள் எல்லாம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற கல்யாண வீடுதான். பாடுகிறவர் எந்த வழியாக உள்ளே வருவார்?

மோனோவில் எடுக்கும்போது வலது கேபிளைக் கழற்றிவிடுங்கள். பல கீபோர்டுகளில் இடது அவுட்புட்டில் ‘எல்/மோனோ’ என்று போட்டிருக்கும். அதில் மட்டும் செருகினால் கருவியே இரண்டையும் கலந்து தந்துவிடும். கழற்ற மறந்து, இடது இன்புட்டை மட்டும் பதிந்தீர்களானால் பாதி ஒலிதான் கிடைக்கும். ஸ்டீரியோ பியானோ சத்தத்தை ஒரு ராத்திரி முழுக்க அப்படிப் பதிந்துவைத்திருந்தேன். காலையில் கேட்டால் இடது கை முழங்குகிறது, வலது கை பக்கத்து வீட்டில் வாசிக்கிறது.