கையால் சாஃப்ட்வேர் ஏற்றினால் வாரண்டி போய்விடுமா?

காட்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: என்னிடமும் என் அறை நண்பரிடமும் ஒரே சாம்சங் மாடல்தான் இருக்கிறது. அவருக்குப் புதிய ஆண்ட்ராய்டு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. கணினியிலிருந்து போனுக்கு மென்பொருள் ஏற்றும் ஓடின் என்ற கருவி மூலம் நானே ஏற்றிக்கொண்டால் வாரண்டி போய்விடும் என்கிறார்கள். உண்மையா, அண்ணா?

கையால் ஏற்றினீர்கள் என்ற ஒரே காரணத்தால் வாரண்டி போவதில்லை, தம்பி. ஏற்றிய கோப்பு யாருடையது என்பதுதான் முக்கியம். சாம்சங் தன் மென்பொருள் ஒவ்வொன்றிலும் டிஜிட்டல் கையொப்பம் இட்டே வெளியிடுகிறது. யாரும் திருத்தாத அந்தக் கோப்பை, உங்கள் மாடல் எண்ணுக்கு உரியதுதானா என்று சரிபார்த்து ஏற்றினால், போன் அதை நிறுவனத்தின் மென்பொருளாகவே ஏற்றுக்கொள்ளும்; திருத்திய மென்பொருள் ஏறியதா என்று காட்டும் நாக்ஸ் குறியும் மாறாது. போனின் முழுக் கட்டுப்பாட்டையும் கையில் எடுக்க, அதாவது ரூட் செய்ய, திருத்திய கோப்பையோ, வெளியார் உருவாக்கிய ரோம் எனும் இயங்குதளத்தையோ ஏற்றினால், சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய மின் உருகி ஒன்று எரிந்துவிடும். பிறகு நிறுவனத்தின் மென்பொருளையே மறுபடி ஏற்றினாலும் அந்தக் குறி பழைய நிலைக்குத் திரும்பாது. மதர்போர்டை மாற்றினால்தான் உண்டு. கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டரும் அதோடு வேலை செய்யாமல் போகும்.

போனை, மென்பொருள் ஏற்றுவதற்கான டவுன்லோடு மோடில் வைத்தால், திரையின் மேல் மூலையில் பொடி எழுத்தில் சில வரிகள் தெரியும். அவற்றுள் 'வாரண்டி வாய்டு' என்ற சொற்களுக்கு எதிரே 0 அல்லது 0x0 என்று இருந்தால் குறி மாறவில்லை. 1 அல்லது 0x1 என்றால் மாறிவிட்டது. சர்வீஸ் சென்டரில் இதைப் பார்ப்பார்கள். பழைய போன் வாங்குகிறவர்களும் பணம் கொடுப்பதற்கு முன் பார்த்துக்கொள்வது நல்லது.

இருந்தாலும், ஓடின் என்பது சாம்சங் பொதுமக்களுக்கென்று வழங்கும் கருவி அன்று. ஏற்றும்போது கேபிள் அசைந்தோ மின்சாரம் நின்றோ போன் செத்துப்போனால், அந்தச் செலவை நிறுவனம் ஏற்காமல் மறுக்க இடமிருக்கிறது. நிறுவனங்கள் அப்டேட்டை முதலில் சிலருக்கு அனுப்பி, கோளாறு ஏதும் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு விடுகின்றன. உங்கள் முறை வரும் வரை பொறுத்திருங்கள் என்பதே என் யோசனை.

ஆம்பூரிலிருந்து: அப்டேட் செய்த பிறகு பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பழைய பதிப்புக்கே திரும்பிப் போகலாமா?

முதலில் சில நாள் விட்டுப் பாருங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு போன் எல்லாச் செயலிகளையும் பின்னணியில் மறுபடி ஒழுங்குபடுத்துவதால், அந்த நாட்களில் சூடும் பேட்டரிச் செலவும் கூடுவது இயல்புதான்.

பின்னோக்கிப் போவதில்தான் ஆபத்து அதிகம். போனை இயக்கத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பூட்லோடரில், பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய பதிப்புக்கு யாரும் திரும்பிவிடாதபடி நிறுவனங்கள் தடை வைக்கின்றன. சாம்சங்கில் இதைக் கண்டுபிடிப்பது எளிது: மென்பொருளின் பதிப்பைக் குறிக்கும் பில்டு எண்ணில் கடைசியிலிருந்து ஐந்தாவதாக நிற்கும் இலக்கத்தைப் பாருங்கள். போனில் 5 என்றும் நீங்கள் இறக்கிய கோப்பில் 4 என்றும் இருந்தால் போன் அந்தக் கோப்பை ஏற்காது. கூகுள் பிக்சல் 6 வரிசைக்கு 2022 ஆகஸ்டில் வந்த ஆண்ட்ராய்டு 13 இப்படித்தான் ஆண்ட்ராய்டு 12-க்குத் திரும்பும் வழியை அடைத்தது. ஷாவ்மி 2018-இல் இந்தத் தடையைக் கொண்டுவந்தபோது, அதை அறியாமல் பழைய பதிப்பை ஏற்றிய பலருடைய ரெட்மி நோட் 5 ப்ரோ போன்கள் அடியோடு செத்துப்போயின. கோப்பு நிறுவனத்துடையதாகவே இருந்தும் அதுதான் நடந்தது.

ராணிப்பேட்டையிலிருந்து: ரெட்மியில் பூட்லோடரைத் திறந்து வேறு ரோம் போட விரும்புகிறேன். வாரண்டி தவிர வேறு என்ன இழப்பு?

திறக்கும்போதே போனில் உள்ள படம், கோப்பு எல்லாம் அழிந்துவிடும். போனின் மென்பொருள் திருத்தப்பட்டதா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டகிரிட்டி சோதனையில் போன் தேறாது என்பதால், வங்கிச் செயலிகளும் பணம் அனுப்பும் சில செயலிகளும் திறக்க மறுக்கலாம். காய்கறிக் கடை வரை ஃபோன் வழியாகவே பணம் கொடுக்கும் இந்தக் காலத்தில் இது சிறிய இழப்பு இல்லை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ரெட்மியில் மென்பொருள் ஏற்றும் மி ஃபிளாஷ் கருவியின் அடிப்பகுதியில், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பூட்டவும் செய்யும் ஒரு தேர்வு இருக்கிறது. சீனாவில் விற்ற போனில் உலகப் பதிப்பை ஏற்றி, அந்தத் தேர்வு குறியிடப்பட்டிருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டால், போன் மறுபடி எழுந்திருக்காது. ஒரே ஃபோனைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் இதில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மேல்விஷாரத்திலிருந்து: அண்ணன் சவுதியிலிருந்து கேலக்ஸி கொண்டுவந்தார். இந்திய சாஃப்ட்வேராக மாற்றிவிட்டால் இங்கே வாரண்டி கிடைக்குமா?

கிடைக்காது. ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ எந்த நாட்டில் விற்றதாகப் பதிவாகியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வாரண்டியை முடிவு செய்வார்கள். உள்ளே ஓடும் மென்பொருள் இந்தியாவுக்கு உரியதா என்பதைப் பொறுத்தன்று. அண்ணனிடம் பில் இருந்தால் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். ஐஎம்இஐயையே மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் போனைக் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அது 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

குடியாத்தத்திலிருந்து: ஃபோன் லோகோவிலேயே நின்றுவிட்டது. வாரண்டி இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பக்கத்துக் கடையில் உடனே சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள்.

வாரண்டி உள்ள போனை முதலில் அங்கே கொடுக்க வேண்டாம், ஐயா. நல்ல கைத்திறன் உள்ளவர்கள் நம் ஊர்க் கடைகளில் இருக்கிறார்கள். அவர்கள் திறமையை நான் குறை சொல்லவில்லை. ஆனால், அங்கீகாரம் இல்லாதவர் போனைத் திறந்தாலோ மென்பொருளில் கை வைத்தாலோ வாரண்டி பொருந்தாது என்பது பெரும்பாலான நிறுவனங்களின் வாரண்டி விதி. திருகின் மேல் உள்ள ஸ்டிக்கர் கிழிந்திருப்பதைக் கண்டாலே பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். வேலூர் வரை ஒரு நடை போய்வருவது அலைச்சல்தான். இலவசமாகச் செய்யவேண்டிய வேலைக்குப் பணம் கொடுப்பதைவிட அது மேல். சர்வீஸ் சென்டரிலும் பெரும்பாலும் உள்ளிருப்பதை அழித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

வாலாஜாபேட்டையிலிருந்து: ஐபோனைக் கணினியில் இணைத்து அப்டேட் செய்தால் வாரண்டி போகுமா?

போகாது. அது ஆப்பிளே சொல்லித்தரும் வழி. ஆப்பிள் கையொப்பமிடாத பதிப்பை ஐபோன் ஏற்பதும் இல்லை.

சத்துவாச்சாரியிலிருந்து: தானாக வந்த அப்டேட்டைத்தான் செய்தேன். அதோடு போன் செத்துவிட்டது. மதர்போர்டு போய்விட்டது, பணம் கட்டுங்கள் என்கிறார்கள். என்ன செய்வது?

நிறுவனம் அனுப்பிய அப்டேட்டை அதன் வழியிலேயே ஏற்றியிருக்கிறீர்கள்; உங்கள் பக்கம் தவறு இல்லை. இதற்கு முன்னுதாரணமும் உண்டு. ஷாவ்மியின் மி ஏ3 போனுக்கு வந்த ஆண்ட்ராய்டு 11 அப்டேட் பல போன்களைச் செயலிழக்க வைத்தபோது, வாரண்டி முடிந்தவர்களுக்கும் இலவசமாகச் சரிசெய்து தருவதாக ஷாவ்மி இந்தியா அறிவித்தது.

போனை வாங்கிக்கொண்டு சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட்டில், 'அப்டேட் செய்த பின் இயங்கவில்லை' என்ற வாக்கியத்தை எழுதவைத்து வாங்குங்கள். 'டெட்' என்று ஒரு சொல்லோடு முடித்துத் தந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உடைந்த தடமோ தண்ணீர் பட்ட தடமோ இல்லை என்று காட்டும் படங்களை, கொடுப்பதற்கு முன் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கேட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிறகு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் அலுவலகம் சென்னையிலோ டெல்லியிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கோளாறுக்குக் காரணம் மென்பொருளா வன்பொருளா என்ற சண்டை வந்தால், போனைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பி அறிக்கை பெறும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. கோளாறு ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுக் கொடுத்துவிட வேண்டும். அதுவரை அந்த போனை வேறு யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள்.