1987-ல் மணமான மகளுக்குத் தோட்டத்தில் பங்கு உண்டா?

உண்டு. கோத்தகிரித் தேயிலைத் தோட்டம் பூர்வீகச் சொத்து என்றால், 1987-ல் கல்யாணமானதைக் காட்டி உங்கள் பங்கை அண்ணன் மறுக்க முடியாது.

1989-க்கு முன் மணமான மகளுக்குப் பங்கில்லை என்று பத்திரம் எழுதுபவர் சொன்னது பழைய கணக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 25.3.1989 முதல் அமலான தமிழகத் திருத்தம் மகள்களுக்குச் சமபங்கு தந்தது. ஆனால் அதற்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டது. 2005-ன் மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அப்பா 2001-லேயே போய்விட்டார் என்று கவலைப்படுகிறீர்கள். மகளுக்கு இது பிறப்பால் வரும் உரிமை, அந்தத் திருத்தம் அமலான 9.9.2005 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போடுங்கள். 20.12.2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் தென்பட்டால் சிக்கல்தான், இந்தத் திருத்தம் அதைத் தொடாது. "வாய்மொழியாகவே பிரித்தாச்சு" என்பது பொதுவாக எடுபடாது. அப்புறம், பட்டா அண்ணன் பேரில் இருக்கிறதே என்று மிரள வேண்டாம். பட்டா மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது.

படகர் குடும்பம் என்று எழுதியிருப்பதால் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். பக்கத்து ஊர் தோடர், கோத்தர் தோழிகளுக்கு இதையே சொல்லிவிடாதீர்கள்: பட்டியல் பழங்குடியினருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.