காய்ச்சல் விட்ட மறுநாளே ப்ளே ஸ்கூலுக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது, எடை 12 கிலோ. ஞாயிறு இரவிலிருந்து காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். பாராசிட்டமால் சிரப் கடைசியாகப் புதன் இரவு 9 மணிக்குக் கொடுத்தோம். புதன் மாலை 6 மணிக்குத் தண்ணீராகப் போனது. அதற்குப் பிறகு போகவில்லை. இன்று வியாழக்கிழமை. உடம்பில் சூடு இல்லை, விளையாடுகிறான். மூக்கில் மட்டும் பச்சைச் சளி. நாளை ப்ளே ஸ்கூலுக்கு அனுப்பலாமா? போன மாதம் காலையில் ஒரு வேளை மருந்து கொடுத்து அனுப்பினோம். 11 மணிக்கே 'காய்ச்சல் அடிக்கிறது, வந்து கூட்டிப் போங்கள்' என்று போன் வந்துவிட்டது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள்.

பதில்: நாளை வேண்டாம். சனி, ஞாயிறு வீட்டிலேயே இருக்கட்டும். இடையில் எதுவும் திரும்பாவிட்டால் திங்கட்கிழமை அனுப்புங்கள். தடையாக இருப்பது காய்ச்சல் அல்ல, வயிற்றுப்போக்கு.

காய்ச்சலுக்குப் பொதுவான விதி, மருந்தின் துணை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும் என்பது. பாராசிட்டமாலின் வேகம் 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். புதன் இரவு 9 மணிக்குக் கொடுத்த மருந்து வியாழன் அதிகாலை 3 மணி வரை காய்ச்சலை அடக்கி வைத்திருக்கலாம். ஆகவே உங்கள் 24 மணி நேரம் 3 மணிக்குத்தான் தொடங்குகிறது. வெள்ளி அதிகாலை முடிகிறது. போன மாதம் நடந்ததும் இதுதான். காலையில் கொடுத்த மருந்து 11 மணிக்கு வேகம் இழந்தது, அடியில் இருந்த காய்ச்சல் வெளியே வந்தது. நோய் தணியாத குழந்தைக்கு மருந்து கொடுத்து அனுப்பினால் அவன் சோர்ந்து அழுவான், உடனிருக்கும் மற்ற குழந்தைகளுக்கும் தொற்றும்.

தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஈரமில்லாத அக்குளில் வைத்து, கையை உடலோடு ஒட்டிப் பிடித்து, ஒலி வரும் வரை காத்திருங்கள். அக்குளில் அளவு சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதால் அங்கே 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 ஃபாரன்ஹீட் தாண்டினாலே காய்ச்சல் என்று கொள்ளுங்கள். காலையில் மட்டும் பார்த்தால் போதாது. உடல் வெப்பம் மாலையில் ஏறும் இயல்புடையது. முந்தைய நாள் மாலை 5 முதல் 7 மணிக்குள் எடுத்த அளவுதான் நம்பகமானது.

மருந்தின் அளவு பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் உங்கள் மகனுக்கு 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி, 250 மில்லிகிராம் உள்ளது என்றால் 3.6 மில்லி. பாட்டிலை மாற்றிவிட்டுப் பழைய அளவிலேயே ஊற்றிக் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம்.

இனி வயிற்றுப்போக்கு. கடைசியாகத் தண்ணீராகப் போன நேரத்திலிருந்து 48 மணி நேரம் கழிய வேண்டும். சில இடங்களில் 24 மணி நேரம் போதும் என்பார்கள். டயப்பர் போடும் வயதுக் குழந்தைகள் கூடும் இடத்தில் நான் 48-ஐத்தான் வலியுறுத்துவேன். இந்த வயதில் வயிற்றைப் பிடிக்கும் வைரஸ்கள் மிகச் சிறிய அளவிலேயே தொற்றக்கூடியவை. டயப்பர் ஓரம் கசிந்தால் பாய், பொம்மை, பராமரிப்பவர் கை என்று எல்லா இடத்துக்கும் போய்விடும். உங்கள் மகனுக்கு இந்தக் கெடு வெள்ளி மாலை 6 மணிக்கு முடிகிறது. நடுவில் ஒருமுறை தண்ணீராகப் போனாலும் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள். ஆனால் மலம் முன்போல் கெட்டியாகும் வரை காத்திருக்க வேண்டாம். சில நாள் குழைவாகப் போகலாம். டயப்பரை விட்டு வழியாமல், வழக்கமான எண்ணிக்கையில் போனால் சரி. குணமான பிறகும் மலத்தில் வைரஸ் நாள் கணக்கில் வெளியேறும் என்பதால், ஒவ்வொரு முறை டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் போன்றவற்றிடம் சானிடைசர் அவ்வளவாக எடுபடாது.

பச்சைச் சளியைப் பற்றிக் கவலை வேண்டாம். கிருமியை எதிர்க்க வந்த வெள்ளணுக்களில் உள்ள நொதியால் வரும் நிறம் அது. ஆன்டிபயாட்டிக் தேவை என்பதற்கு அடையாளம் அல்ல. ப்ளே ஸ்கூல் போகத் தொடங்கிய குழந்தைக்கு வருடத்தில் 8 முதல் 12 முறை சளி பிடிப்பது சகஜம். இருமல் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். அது முழுதும் நிற்கட்டும் என்று காத்திருந்தால் குழந்தை பாதி நாள் வீட்டில்தான் இருக்கும்.

நேரக் கணக்கு முடிந்தாலும் இன்னொன்றைப் பாருங்கள்: குழந்தையால் ஒரு முழு நாளைத் தாங்க முடியுமா? இரவு நன்றாகத் தூங்கினானா, வழக்கமான உணவில் பாதியாவது சாப்பிடுகிறானா, மடியைத் தேடாமல் இரண்டு மணி நேரம் விளையாடுகிறானா? இல்லை என்றால் இன்னொரு நாள் கொடுங்கள். முதல் நாள் அரை நாளாக அனுப்ப முடிந்தால் நல்லது. குழந்தை வீட்டில் இருக்க வேண்டிய நாட்களில் காலையில் ஒருவர், மதியத்துக்கு மேல் ஒருவர் என்று இருவரும் பங்கிட்டுக்கொண்டால் விடுப்புச் சுமை ஒருவர் மேலேயே விழாது.

வேறு நோய்களுக்குக் கணக்கு மாறும். சின்னம்மையில் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும். குறைந்தது 5 நாள். தட்டம்மையில் தடிப்பு தொடங்கி 4 நாள். கை, கால், வாய்ப் புண் நோயில் காய்ச்சல் விட்டு, வாய்ப் புண் ஆறிச் சாப்பிடத் தொடங்கி, நீர் வடியும் கொப்புளம் இல்லாவிட்டால் போதும். தழும்பு மறையக் காத்திருக்க வேண்டாம்.

திரும்ப அனுப்பும்போது கடைசிக் காய்ச்சல், கடைசி மருந்து, கடைசியாக வயிற்றால் போன நேரம் மூன்றையும் ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் விதி என் கணக்கைவிடக் கடுமையாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலைகளும் உண்டு: 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மலத்தில் இரத்தம், பச்சை நிறத்தில் வாந்தி, எழுப்பினாலும் கண் சொருகும் அளவு மயக்கம், மூச்சு வாங்கும்போது விலா இடுக்கு உள்ளே இழுப்பது. ஒரு நாள் முழுக்க விட்டிருந்த காய்ச்சல் மறுபடி ஏறினாலும் காதையும் சிறுநீரையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும். அன்றே அழைத்துப் போங்கள்.