டூயிங் ஓவியங்களில் அப்படி என்ன இருக்கிறது?

அமெரிக்க ஓவியர் தாமஸ் டூயிங்கின் ஓவியங்களில் பெண்கள் புல்வெளியில் நிற்கிறார்கள், கதை எதுவும் இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். கதை இல்லாததுதான் அவற்றின் பலம் என்பேன்.

1891இல் வரைந்த ‘தி ரெசிட்டேஷன்’ ஓவியத்தைப் பாருங்கள். டெட்ராய்ட் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விருந்துக்கு உடுத்தும் நீண்ட கவுனில் இரண்டு பெண்கள், மூட்டம் கவிந்த பச்சை வெளியில். ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், மற்றவள் நிற்கிறாள். புல், மரம், காற்று எல்லாமே ஒரே பச்சையின் சாயல்கள், விளிம்புகள் கரைந்துபோயிருக்கும். கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்காததால் முதலில் ஒரு மனநிலைதான் நம்மைப் பிடித்துக்கொள்கிறது, அப்புறம்தான் உருவங்கள். இந்தப் பாணியை டோனலிசம் என்பார்கள். ஓவியர் ஜேம்ஸ் விஸ்லரின் தாக்கமும் உண்டு.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் கார்னிஷில் அவர் பல கோடைகாலங்களைக் கழித்தார். அந்தப் பச்சை அங்கிருந்து வந்தது. வாய்ப்பிருந்தால் வாஷிங்டன் ஃப்ரீர் காட்சிக்கூடத்தில் இவருடைய ஓவியங்களை நேரில் பாருங்கள். திரையில் பார்த்தால் பாதி நுணுக்கம் போய்விடும்.